விளக்கெரித்த மரம்

இலுப்பை, சப்போட்டாக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். இலைக்காம்பைக் கிள்ளினால் பால் வடிவது இந்தக் குடும்பத்தின் அடையாளம். மகிழமும் உலக்கைப்பாலையும் இதன் பங்காளிகள். திருவண்ணாமலையில் இந்த உறவு கண்ணெதிரே நிற்கிறது. அருணாசலேசுவரர் கோயிலின் தல மரம் மகிழம். அங்கிருந்து மேற்கே செங்கம் சாலையில் சுமார் 2 கி.மீ. போனால் வரும் ரமணாசிரமத்தின் முன்முற்றத்தில் நிழல் விரித்து நிற்பது இலுப்பை. இரண்டும் ஒரே குடும்பம் என்பது அவற்றின் அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் கூட்டத்தில் அநேகருக்குத் தெரியாது.

ரமணர் திருவண்ணாமலைக்கு வந்தது 1896 செப்டம்பர் 1ஆம் நாள். அப்போது அவருக்கு வயது 16. முதல் சில மாதங்கள் கோயில் வளாகத்துக்குள்ளேயே இடம் மாறி மாறி இருந்தார். பாதாள லிங்கக் குகை, நந்தவனம், வாகன மண்டபம் என்று போகும் அந்த வரிசையில் ஓர் இலுப்பை மரத்தடியும் உண்டு என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் குறிக்கின்றன. 1922இல் தாயார் அழகம்மாள் மறைந்து, அவருடைய சமாதியைச் சுற்றி மலையடிவாரத்தில் ஆசிரமம் உருவானது. முன்முற்றத்து இலுப்பை அதற்கு மிகவும் மூத்தது. அதற்கு நானூறு வயதுக்கு மேல் என்பது ஊரில் வழங்கும் பேச்சு.

இலுப்பையின் வயதை மரமே சொல்லாது. ஐரோப்பிய மலைகளில் வளரும் லார்ச் மரத்தை எடுத்துக்கொண்டால், அது ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கிவிடும். இளவேனிலில் மறுபடி வளரும். உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வருவதால் தண்டில் ஆண்டுக்கு ஒரு வளையம் தெளிவாக விழுகிறது. அதை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். வடதமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் மழை தருகின்றன. இடையில் வறட்சியும் வந்து போகிறது. அதனால் இங்குள்ள பல மரங்களில் வளையங்கள் தெளிவாகவோ ஆண்டுக்கு ஒன்றாகவோ அமைவதில்லை. போதாக்குறைக்கு, முதிர்ந்த இலுப்பையின் நடுக்கட்டை உளுத்துப் பொந்தாகிவிடும். எண்ண வேண்டிய பழைய வளையங்கள் முதலில் அழிந்துபோகின்றன. ஆகவே பழைய இலுப்பைகளின் வயதெல்லாம் அடிமரத்தின் பருமனையும் ஊர் நினைவையும் வைத்துச் சொல்லும் மதிப்பீடுதான்.

மரத்தின் பழைய தமிழ்ப் பெயர் இருப்பை. சங்கப் பாடல்களில், குறிப்பாக அகநானூற்றில், பாலை வழியில் நிற்கும் மரமாக இது பலமுறை வருகிறது. உதிர்ந்த இதன் பூவைக் கரடி தின்னும் காட்சியும் அங்கே உண்டு. அது கற்பனையன்று, மத்திய இந்தியக் காடுகளில் கோடைக்காலக் கரடி இன்றும் இந்தப் பூவைத் தேடித்தான் வருகிறது. ரகரம் லகரமாகி இருப்பை இலுப்பையானது. மலையாளத்தில் இலிப்ப, தெலுங்கில் இப்ப, கன்னடத்தில் இப்பெ. வடமொழி மதூகம் இந்தியில் மஹுவா ஆயிற்று.

தாவரவியல் பெயருக்கும் தமிழ்க் கரைக்கும் தொடர்பு உண்டு. லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக், 1768இல் தரங்கம்பாடியின் டேனிஷ் குடியேற்றத்துக்கு மருத்துவராக வந்தவர். அவர் விவரித்த இலுப்பை 1771இல் லின்னேயஸின் நூல் வழியாக ‘பாசியா லாங்கிஃபோலியா’ என்ற பெயரில் உலகுக்கு அறிமுகமானது. பாசி என்பவர் இத்தாலியின் பொலோன்யா நகரத்துத் தாவரவியலாளர். பின்னர் மரம் ‘மதுக்கா’ பேரினத்துக்கு மாற்றப்பட்டு ‘மதுக்கா லாங்கிஃபோலியா’ ஆனது. இத்தாலியரின் பெயர் போய் மதூகம் என்ற சொல்லே திரும்பி வந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. லாங்கிஃபோலியா என்றால் நீண்ட இலை. வடக்கே வளரும் அகன்ற இலை வகையைப் பெரும்பாலோர் இதன் துணைவகையாகவே கொள்கிறார்கள்.

நன்றாக வளர்ந்த இலுப்பை 15 முதல் 20 மீட்டர் உயரம் போகும். பட்டை கருஞ்சாம்பல் நிறம், வெடிப்பு விழுந்தது. இலைகள் கிளை முழுதும் பரவாமல் நுனிகளில் கொத்தாகக் குவியும். கரம்பிலும், பாறை கலந்த செம்மண்ணிலும், ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. மழை பெறும் திருவண்ணாமலை போன்ற ஊர்களிலும் இது சங்கடமில்லாமல் வளர்கிறது. பழைய மரங்களுக்குப் பெரிய பகை புல்லுருவி. பறவை எச்சத்தோடு கிளையில் விழுந்து ஒட்டிக்கொண்டு மரத்தின் நீரை உறிஞ்சும் இந்த ஒட்டுண்ணிக்கு இலுப்பை மீது தனிப் பிரியம் உண்டு.

மாசி பிறந்ததும் இலுப்பை இலையை உதிர்க்கத் தொடங்கும். லார்ச் குளிருக்கு அஞ்சி உதிர்ப்பதை இது வறட்சிக்கு அஞ்சி உதிர்க்கிறது. ஆனால் லார்ச்சைப் போல உறங்குவதில்லை. இலையற்ற அந்த நாட்களில்தான் பூக்கிறது. வெறுங்கிளைகளின் நுனியில் துருநிற மயிர் போர்த்த மொட்டுகள் கொத்துக் கொத்தாகத் தலைகீழாகத் தொங்கும். பூவோடு பூவாகச் செம்பு நிறத் தளிரும் வந்துவிடும். பங்குனி வெயிலில் மற்ற மரங்கள் வாடி நிற்கும்போது இலுப்பை மட்டும் புதுச் செம்பு போலிருக்கும்.

பூ விரிவது இரவில். அல்லி வட்டம் இதழ் இதழாகப் பிரிந்ததன்று. சதைப்பற்றான சிறு குடம். வெளிர்மஞ்சள் நிறம், உள்ளே இனிப்புச் சாறு, வெளியே சற்றுக் கனத்த வாடை. கனத்த வாடையும் வெளிறிய நிறமும் இரவு விருந்தாளிக்கானவை. அந்த விருந்தாளி பழந்தின்னி வௌவால். அது குடத்தைக் கடித்து இழுத்துச் சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்புகிறது. முகத்தில் அப்பிய மகரந்தத்தோடு அடுத்த கொத்துக்குப் போகிறது. குடம் விரிவதற்கு முன்பே சூலகத்தின் நீண்ட தண்டு வெளியே நீட்டிக்கொண்டு மகரந்தத்துக்குக் காத்திருக்கிறது. வௌவால் வராத பூவுக்குக் காற்றும் ஓரளவு உதவுகிறது.

விடியற்காலையில் குடங்கள் தாமாகக் கழன்று விழும். நீண்ட தண்டோடு சூலகம் மட்டும் கிளையிலேயே நிற்கும். இலுப்பையைச் சுற்றி எழுந்த வாழ்க்கை முழுவதற்கும் அடிப்படை இந்தச் சிறு ஏற்பாடுதான். பூவை எடுத்தால் காய் போய்விடும் என்பது பொது விதி. இலுப்பையில் பூவையும் பொறுக்கலாம், மூன்று மாதம் கழித்துப் பழத்தையும் பொறுக்கலாம். மனிதன் மரத்தில் ஏற வேண்டியதில்லை, கிளையை முறிக்க வேண்டியதில்லை. வெள்ளென எழுந்து கூடையோடு மரத்தடிக்குப் போனால் போதும்.

உலர்ந்த பூவின் எடையில் பாதிக்கும் மேல் சர்க்கரை. நடு இந்தியாவில் கோண்டு, சந்தால் முதலிய பழங்குடிகளுக்கு மஹுவா கோடைப் பஞ்சத்தின் உணவு. காயவைத்துச் சேமித்து, தானியத்தோடு வேகவைத்து உண்பார்கள். புளிக்கவைத்துச் சாராயமும் வடிப்பார்கள். பூவைப் பொறுக்க வசதியாக மரத்தடிச் சருகுக்குத் தீ வைக்கும் வழக்கம் அங்கே காட்டுத்தீக்கு ஒரு காரணம். இந்தப் பூவின் மீது ஆங்கில அரசு ஒரு சட்டமே போட்டது. 1892ஆம் ஆண்டின் பம்பாய் மௌரா சட்டம், பூவைச் சேகரிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் கட்டுப்பாடு விதித்தது. சாராய வரி வருமானத்தைக் காக்க, மரத்தடியில் விழுந்த பூவைக் குற்றப்பொருளாக்கிய சட்டம் அது. காலம் எப்படியோ திரும்பியது. 2021இல் மத்தியப் பிரதேச அரசு அதே மஹுவா சாராயத்தை மரபு மதுவாக விற்க அனுமதிப்பதாக அறிவித்தது.

தமிழ்நாட்டில் பூவின் புகழ் ஒரு பழமொழியில் சுருங்கிவிட்டது. “ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை.” இங்கே ஆலை என்பது கரும்பாலை. நல்லது கிடைக்காத இடத்தில் மட்டமானதே உயர்ந்ததாகிவிடும் என்று ஏளனமாகச் சொல்வது வழக்கம். பூவின் தரப்பில் பார்த்தால் பழமொழி அநியாயமானது. கரும்புக்குப் பாசனம் வேண்டும், உரம் வேண்டும், ஆலை வேண்டும். இலுப்பைப் பூ இவை ஒன்றுமில்லாமல், மழையே இல்லாத பங்குனியில், தானாக வந்து கூடையில் விழுகிற சர்க்கரை. கருகிய வயலையும் காய்ந்த கிணற்றையும் வைத்துக்கொண்டிருந்த ஊருக்கு அது மாற்றுப்பொருளாக இருக்கவில்லை. அந்த மாதத்துச் சர்க்கரையே அதுதான்.

தென்னாட்டில் இலுப்பைக்கு மதிப்பு பூவைவிடக் கொட்டையால் வந்தது. ஆனி, ஆடியில் பச்சையும் மஞ்சளுமாகப் பழுக்கும் பழத்தில் ஒன்று முதல் நான்கு விதை இருக்கும். பழுப்பு நிறம், மெருகிட்டது போன்ற பளபளப்பு. சப்போட்டா விதையைப் பார்த்தவர்களுக்கு உடனே உறவு புரியும். முதிர்ந்த மரம் ஆண்டுக்கு 20 முதல் 200 கிலோ கொட்டை தரும். மரத்துக்கு மரம், ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடு அவ்வளவு. கொட்டையைக் காயவைத்து, ஓட்டைத் தட்டி, பருப்பை எடுத்துச் செக்கில் ஆட்டினால் பருப்பின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெயாக இறங்கும்.

இலுப்பெண்ணெய் எண்ணெய்க்கும் நெய்க்கும் இடைப்பட்டது. சித்திரையில் திரவமாக இருக்கும். மார்கழி விடியலில் உறைந்து வெண்ணெய் போலாகிவிடும். பாட்டிலை வெயிலில் வைத்து இளக்கித்தான் ஊற்ற வேண்டும். அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி பால்மிட்டிக், ஸ்டியரிக் என்னும் நிறைவுற்ற வகை. மீதியில் பெரும்பங்கு ஒலியிக் அமிலம். நிறைவுற்ற அமிலங்களின் மூலக்கூறுகள் நேரானவை. அடுக்கிய விறகைப் போல நெருங்கிப் படிவதால் சிறு குளிர்ச்சியிலேயே உறைந்துவிடும். ஆப்பிரிக்காவில் ஷியா வெண்ணெய் தரும் மரமும் இதே குடும்பம்தான். அதன் கொழுப்பும் இப்படியே உறையும்.

விளக்குக்கு இந்த இயல்பு பொருத்தமானது. திரியில் எண்ணெய் ஏறுவது நுண்துளை ஏற்றத்தால். மண்ணெண்ணெய் போல மெலிந்த எரிபொருள் விரைந்து ஏறி விரைந்து ஆவியாகி எரிந்து தீரும். கெட்டியான இலுப்பெண்ணெய் சுடரின் சூட்டில் இளகி, நிதானமாக ஏறி, நின்று எரியும். நிறைவுற்ற கொழுப்பு மிகுந்திருப்பதால் புகைக்கரி குறைவு. காற்றுப் புகாத கருவறைக்குள் ஆண்டுக்கணக்கில் விளக்கு எரிந்தபோது கல்லும் சிற்பமும் கரி படிவதைக் கொஞ்சமாவது தடுத்தது இந்தக் குணம். கோயில் விளக்கு என்றாலே நெய் என்று நினைப்பது இயல்பு. சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கின் நெய்க்கு 96 ஆடு என்ற கணக்கு வருவதும், அண்ணாமலையின் 2,668 அடி உச்சியில் கார்த்திகைத் தீபத்துக்குக் கொப்பரையில் நெய் ஊற்றுவதும் அந்த நினைப்பை உறுதிப்படுத்துகின்றன. ஆனால் 96 ஆடு கொடுக்க ஆளில்லாத ஊர்க் கோயில்களும் உண்டு. அங்கே மாலை விளக்கை எரித்ததில் பெரும்பங்கு இலுப்பைத் தோப்புக்கு உண்டு.

அதே எண்ணெயை முட்டி வலிக்கும் பித்தவெடிப்புக்கும் தடவினார்கள். சில பகுதிகளில் அதிலேயே பலகாரமும் சுட்டார்கள். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கைத்தான் மாட்டுக்கு வைக்க முடியாது. அதில் சபோனின் என்னும் நுரைக்கும் நச்சு இருக்கிறது. நுரைப்பதால் இடித்துச் சீயக்காய் போலத் தலைக்குத் தேய்த்தார்கள். நச்சு என்பதால் குட்டையில் கரைத்து மீன் பிடித்தார்கள். சபோனின் மீனின் செவுளைத் தாக்கி மயங்க வைக்கும். மூட்டம் போட்டால் பாம்பு அண்டாது என்ற நம்பிக்கையும் உண்டு. அதற்குச் சான்று இல்லை. கொசுவை விரட்ட எந்தப் புகையும் ஓரளவு உதவும். இந்தப் புண்ணாக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலேறி இங்கிலாந்துக்கும் போனது. கோல்ஃப் புல்தரையில் தூவி நீர் பாய்ச்சினால் மண்புழுக்கள் மேலே வந்து சாகும். புல்லில் புழுமேடு இருக்காது. தமிழன் தலை முழுகிய சரக்கு துரைமாரின் பந்துக்கு வழி விட்டிருக்கிறது.

மரக்கட்டை கனமானது, உறுதியானது, நீரைத் தாங்குவது. தேர் செய்யத் தேர்ந்த மரங்களில் இலுப்பைக்குத் தமிழ்நாட்டில் பழைய இடம் உண்டு.

ஊர்ப்பெயர்களிலும் மரம் வேரூன்றியிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர், காரைக்குடிக்கு அருகில் இலுப்பைக்குடி, ஈழத்தில் மன்னார் மாவட்டத்து இலுப்பைக்கடவை என்று பட்டியல் நீளும். நற்றிணையில் விராஅன் என்னும் தலைவனின் ஊர் இருப்பை. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லவன் காலத்து எருக்கங்குடிக் கல்வெட்டு, ஏரிகளும் கோயில்களும் எடுப்பித்த இருப்பைக்குடி கிழவனைப் பாராட்டுகிறது. சுந்தரர் பாடிய திருப்பழமண்ணிப்படிக்கரையின் இன்றைய பெயர் இலுப்பைப்பட்டு. மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள அந்தக் கோயிலுக்குத் தல மரமும் இலுப்பைதான். இலங்கையின் வறண்ட பகுதியில் சிங்களவர் ‘மீ’ என்று அழைக்கும் இந்த மரத்தைக் குளக்கரையிலும் வயலோரத்திலும் விட்டுவைப்பார்கள். பூவுக்கும் பழத்துக்கும் வௌவால் வரும். அதன் எச்சம் வயலுக்கு எருவாகும் என்பது கணக்கு. வௌவாலைப் பீடையென்று பட்டாசு வெடித்துத் துரத்துகிற இன்றைய பழக்கத்தைவிட அது அறிவுள்ள வேளாண்மை.

இவ்வளவு கொடுத்த மரம் வழக்கொழிந்தது யாரும் பகைத்ததால் அன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தகரத்தில் அடைத்த மண்ணெண்ணெய் சென்னை மாகாணத்துக் கிராமங்களுக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆர்க்காட்டுப் பகுதியின் மானாவாரி நிலமெங்கும் வேர்க்கடலை பரவியது. திருவண்ணாமலை வட்டாரத்தில் அதற்குப் பெயர் மல்லாட்டை, அதாவது மணிலாக்கொட்டை. விதைத்து நான்கு மாதத்தில் எண்ணெய்வித்து தரும் பயிருக்கு முன்னால், காய்க்கவே எட்டுப் பத்து ஆண்டு எடுக்கும் மரம் எப்படி நிற்கும்? பிறகு மின்விளக்கு வந்தது. கோயிலின் பேரிலும் ஊர்ப் பொதுவிலும் இருந்த தோப்புகள் விறகாகவும் வீட்டுமனையாகவும் போயின. இப்போது கடைகளில் ‘தீப எண்ணெய்’ என்று விற்கும் கலவை போத்தல்களில் இலுப்பையின் பெயர் அச்சாகியிருக்கிறது. உள்ளே எத்தனை பங்கு இலுப்பை என்பது வேறு விஷயம்.

மரத்தை மீண்டும் பெருக்குவதில் ஒரு சிக்கல் உண்டு; அது விதையின் இயல்பிலேயே இருக்கிறது. நெல்லும் பயறும் காய்ந்தபின் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, ஈரம் பட்டதும் முளைக்கும். எண்ணெயும் ஈரமும் நிறைந்த இலுப்பை விதைக்கு அந்த உறக்கம் தெரியாது. காயவைத்தால் கருச் செத்துவிடும். சேமித்து வைத்தாலும் சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். மற்றப் பல மரங்களின் விதையைப் போலப் பையில் கட்டி, பருவமழைக்குக் காத்து, ஊர் ஊராக அனுப்ப இது இடம் கொடுக்காது. இயற்கையில் இந்த வேலையை வௌவால் அன்றிரவே முடித்துவிடுகிறது. பழத்தைத் தூக்கிப்போய்ச் சற்றுத் தொலைவில் உட்கார்ந்து சதையைத் தின்று கொட்டையைக் கீழே போடுகிறது. ஆடி மழையின் ஈரமிருந்தால் கொட்டை அங்கேயே முளைவிடும். தார்ச்சாலையிலும் சிமெண்டுத் தளத்திலும் விழுந்தால் கதை முடிந்தது. ரமணாசிரமத்தைச் சுற்றி இன்று இருப்பதில் பெரும்பகுதி சாலையும் தளமும்தான்.

அண்ணாமலையின் சரிவுகள் வெட்டாலும் கோடைத் தீயாலும் மொட்டையாகி, கடந்த சில பத்தாண்டுகளாக நாட்டு மரக் கன்றுகளால் மெல்லப் பச்சை திரும்பி வருகின்றன. கிரிவலப் பாதை 14 கி.மீ. நீளம். ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் போகிறவர் காலடியில் பளபளக்கும் பழுப்புக் கொட்டை தட்டுப்பட்டால் அதை வீட்டு அலமாரியில் வைக்க வேண்டாம். ஒரு வாரத்துக்குள், விரல் கட்டை ஆழத்தில், ஈர மண்ணில் படுக்கை வாட்டமாகப் புதைத்துவிடுங்கள்.